வராதவர் ஓலை

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு சீமை. அதை ஆண்ட வீரகண்டன், காலையில் போட்ட சட்டத்தை மாலையில் மாற்றுகிற ராஜா.

அந்நாட்டில் ஏரித்தலைவரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். பிடித்தவர் பெயரெழுதிய ஓலையைக் குடத்தில் போட வேண்டும், அவ்வளவுதான். அப்போதைய தலைவர், அரசவைப் பிரதானி செங்கோடரின் மைத்துனர். மதகைத் தன் வயலுக்கே திறந்துவிட்டுக்கொண்ட மகானுபாவர். கடைமடை வயல்கள் வெடித்துக் கிடந்தன. மறுபடி அவரே ஜெயித்தால் கடைமடைச் சனங்கள் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்.

சபையில் செங்கோடர் எழுந்தார். “மகாராஜா! ஓலை போட வராத சோம்பேறிகள் பெருகிவிட்டார்கள். வராதவர் ஓலையெல்லாம் இருக்கிற தலைவருக்கே என்று விதியைத் திருத்துவோம். தேர்தலையும் நடவுநாளில் வைத்துக்கொள்வோம்.”

“பலே!” என்றான் ராஜா.

மந்திரி அம்பலவாணருக்குச் சூது புரிந்தது. நடவுநாளில் கடைமடைப் பெண்களெல்லாம் அந்த மைத்துனர் வயலில்தான் கூலிக்கு நிற்பார்கள். எவள் வந்து ஓலை போடுவாள்? ஆனால் எதிர்த்துப் பேசினால் ராஜா முரண்டு பிடிப்பான். ஆகவே மந்திரி சிரித்த முகமாகச் சொன்னார்: “அருமையான திருத்தம்! முதலில் அரண்மனையில் ஒத்திகை பார்ப்போம். நாளைக்கு என்ன குழம்பு என்று எல்லோரும் ஓலை போடட்டும்.”

ராஜாவுக்கு ஒரே குஷி. வைத்தியர் சொன்னாரென்று அன்று பாகற்காய்க் குழம்பை முகம் சுளித்துத் தின்றிருந்தான். மோர்க்குழம்பு என்று ஓலை போட்டான். சபையார் முப்பது பேரும் அப்படியே போட்டார்கள்.

மந்திரி எண்ணினார். “மோர்க்குழம்புக்கு முப்பத்தொன்று. அரண்மனைப் பட்டியலில் வராதவர் நானூறு. ஆகவே, இருக்கிற பாகற்காயே ஜெயம்!”

தினமும் இதே ஒத்திகை, இதே முடிவு. முதல்நாள் ராஜா சிரித்தான். இரண்டாம் நாள் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளினான். “எவனய்யா பாகற்காய்க்கு ஓலை போட்டது?”

“ஒருவரும் போடவில்லை, மகாராஜா. கோட்டைக் காவலர் காவலில் இருந்தார்கள். பாகர்கள் யானையோடு இருந்தார்கள். போன வருஷம் காலமான தங்கள் சிற்றப்பா பெயரும் பட்டியலில் இருக்கிறது. அவரும் வரவில்லை.”

“செத்தவரா எனக்குச் சமையல் சொல்வது? காவலில் நிற்பவன் எப்படி ஐயா வருவான்?”

“நடவில் நிற்பவள் மட்டும் எப்படி வருவாள், மகாராஜா? அவள் யார் வயலில் நிற்பாள் என்று பிரதானியாரைக் கேளுங்கள்.”

செங்கோடர் மேல்துண்டின் நுனியைத் திருகினார். “என்... மைத்துனர் வயலில்.”

ராஜாவுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. திருத்தத்தைக் கிழித்துப் போட்டான். “மந்திரியாரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்? கேளும்!”

“வேறொரு திருத்தம் போதும். தேர்தல் நடவுநாளிலேயே நடக்கட்டும்; ஆனால் வேலையில் இருப்பவர்களைத் தேடிக் குடம் போகட்டும். அதைப் பிரதானியாரே சுமக்கட்டும்.”

நடவுநாளன்று செங்கோடர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, குடத்தோடு முழங்கால் சேற்றில் இறங்கினார். முதல் வரிசையில் நின்ற வேலாத்தா, இடுப்பில் செருகியிருந்த ஓலையை எடுத்தாள்.

“சாமி, குடத்தைக் கொஞ்சம் தாழப் புடிங்க. காலையிலிருந்து குனிஞ்ச முதுகு, நிமிர மாட்டேங்குது.”

ராஜாவையே அரைகுறையாக வணங்குகிற செங்கோடர், அன்று நூற்றெண்பது பெண்களுக்கு முன்னால் குனிந்தார். மறுவாரம் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது.