பாட்டை முடிந்த கயிறு

வெகுகாலத்துக்கு முன்னே கொன்றைநாட்டை வீரவிடங்கன் என்ற ராசா ஆண்டுவந்தான். கோபம் வந்தால் சிங்கம். சிரிப்பு வந்தால் சின்னப் பிள்ளை.

அரண்மனைப் பாடகர் கீதசாகரர் மாலைதோறும் கோட்டை வாசலில் பாடுவார். யாரும் நின்று கேட்கலாம். வலை பின்னும் அஞ்சலையும் கேட்டாள். சுரம் ஏறினால் பெரிய முடிச்சு, இறங்கினால் சின்ன முடிச்சு என்று கயிற்றில் போட்டுக்கொண்டாள். வீட்டில் அதைத் தடவினால் பாட்டு அப்படியே வந்தது! கேட்டவர்களுக்கெல்லாம் அந்த வித்தையைச் சும்மாவே சொல்லிக்கொடுத்தாள். நாற்றங்காலில் பாட்டு, படகில் பாட்டு, ஊரே பாட்டு.

பாடகருக்கு வயிறு எரிந்தது. சபையில் குதித்தார்.

"மகாராசா, அது திருட்டுக் கயிறு! எல்லாவற்றையும் கொளுத்துங்கள். அவள் கட்டைவிரலை வெட்டுங்கள்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராசா.

காவலர்கள் அஞ்சலையைச் சபைக்கு அழைத்துவந்தார்கள். அவள் நிமிர்ந்து நின்று பேசினாள். "சாமி, அடுத்தவர் பாட்டைத் தன் பாட்டென்று எவனாவது விற்றால் அவனைப் பிடியுங்க. கயிறு என்ன பண்ணுச்சு?"

அமைச்சர் சூடாமணி எழுந்தார். "முதலில் கயிறுகளைப் பிடுங்குவோம், மன்னா. சபையிலிருந்தே தொடங்கலாமே?"

"என்னையுமா சோதிப்பது?" என்று துள்ளினார் கீதசாகரர்.

"சட்டம் எல்லாருக்கும் பொது, ஐயா."

காவலர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய்ச் சோதித்தார்கள். பாடகர் வாடிய முகத்தோடு திரும்பினார்.

"இனி, வாசலில் நீங்கள் பாடுகிற அந்த நீண்ட நவமணிப் பாட்டைப் பாடுங்கள்" என்றார் அமைச்சர்.

பாடகர் இரண்டடி பாடினார். நின்றார். இருமினார். மறுபடி பாடினார். மறுபடியும் நின்றார்.

"தொண்டை கட்டிக்கொண்டது, மகாராசா!"

"தொண்டை கட்டினால் கை ஏன் மடியைத் தேடுகிறது?" அமைச்சர் ஒரு பட்டுக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "காவலர்கள் உங்கள் மடியில் எடுத்தது இது. எத்தனை முடிச்சு!"

பாடகர் தலை கவிழ்ந்தது. "நீளமான பாட்டு மன்னா... மனசில் நிற்கவில்லை."

ராசா கிரீடம் நழுவச் சிரித்தான். "பாடினவருக்கே துணை நின்ற கயிற்றையா கொளுத்தச் சொன்னீர்? அஞ்சலையிடம் மன்னிப்புக் கேளும்!" தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தான். பிடுங்கிய கயிறுகள் உரியவர்களிடம் திரும்பின.

பாடகர் தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். "தப்புதான், தாயி. மன்னிச்சிடு." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம்... இந்த மூணாவது அடியில் ஒரு முடிச்சு அவிழ்ந்துபோச்சு."

"கொண்டாங்க ஐயா" என்று கை நீட்டினாள் அஞ்சலை. "முதலில் பாடுங்க. கேட்டால்தானே போட முடியும்?"