மைதானத்தைப் பூட்டி வைத்த கதை

பூசணிப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொந்தரவு அதுதான்.

அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் தாண்டவராயன். பள்ளிக்கு முன்னால் இருந்த கையகல மைதானம்தான் அவருக்கு உயிர். ஒருநாள் கல்வி அதிகாரி வந்து பார்த்தபோது அதில் ஆடுகள்தான் விளையாடிக்கொண்டிருந்தன.

"வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க வேர்க்க விறுவிறுக்க விளையாடணும். இல்லைன்னா இந்த மைதானத்தைப் பக்கத்து ஊர் ஸ்கூலுக்குக் கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாண்டவராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. டவுனில் இருந்த ஒரு பி.டி. மாஸ்டருக்குப் போன் போட்டார்.

"சின்னப் பிள்ளைங்கதானே சார்? நின்ன இடத்துலேயே ஓடச் சொல்லுங்க. அப்புறம் ஒரு சாக்கு ஓட்டம் வைங்க. போதும்" என்றார் அவர்.

உடனே ஆசிரியர் கூட்டம் கூடியது.

"ஓடினா இடம் மாறிடுமே சார்" என்று கவலைப்பட்டார் வடுகநாதன் சார்.

"அப்போ இடமும் கூடவே ஓடணும்" என்றார் கோமளவல்லி டீச்சர்.

தாண்டவராயன் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பிறகு, "பாயைக் கொண்டாங்க" என்றார்.

பிள்ளைகளைப் பாயில் நிற்க வைத்து, ஆசிரியர்கள் மூன்று பேரும் பாயை இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பிள்ளைகள் நின்ற இடத்தை விட்டு அசையவேயில்லை. "இன்னொரு ரவுண்டு சார்!" என்று கத்தினார்கள். வேர்த்தது என்னவோ ஆசிரியர்களுக்குத்தான்.

மறுநாள் சாக்கு ஓட்டம். ஓடாமல் இருக்க யார் நல்ல சாக்காகச் சொல்கிறார்களோ அவர்களுக்கே பரிசு என்று தாண்டவராயன் அறிவித்தார்.

"கால்ல முள்ளு சார்" என்றான் ஒருவன். "எங்க எருமைக்குக் காய்ச்சல் சார்" என்றாள் ஒருத்தி. மாரிக்கண்ணு என்ற சிறுமி முன்னால் வந்து, "நான் இன்னைக்கு லீவு சார்" என்றாள். அவளுக்குத்தான் முதல் பரிசு. ஆனால் அவள் வராததால், பரிசுப் பென்சிலைக் கோமளவல்லி டீச்சர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தாண்டவராயன் மண்வெட்டியோடு வந்து நின்றார்.

"எதுக்கும் மைதானத்தை எடுத்து உள்ளே வச்சுடுவோம். கண்ணுல பட்டாத்தானே கொண்டு போவாங்க?"

"மைதானம் எவ்வளவு ஆழம் வரைக்கும் சார் இருக்கு?" என்று கேட்டார் வடுகநாதன் சார்.

"முழங்கால் அளவுக்கு மைதானம். அதுக்குக் கீழே வெறும் பூமிதான்."

ஆசிரியர்கள் வெட்டினார்கள். பிள்ளைகள் சத்துணவுத் தட்டுகளில் மண்ணை அள்ளிக்கொண்டு வகுப்பறைக்கு ஓடினார்கள். வெறுந்தட்டோடு திரும்பி வந்து பள்ளத்துக்குள் தொப்பென்று குதித்தார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்தப் பள்ளி அதுவரை கண்டதில்லை. அறை நிறைந்ததும் தாண்டவராயன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் ஜீப் வந்தது. பிள்ளைகள் வேர்வை சொட்டச் சொட்டத் தாவிக் குதிப்பதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். நீளம் தாண்டுவதற்காக வெட்டிய குழி என்றே நினைத்துவிட்டார்.

"சபாஷ்! இந்த மாவட்டத்துலேயே இப்படி ஒரு மைதானம் இல்லை!"

தாண்டவராயன் காதில் 'மைதானம் இல்லை' என்பது மட்டும்தான் விழுந்தது.

"ஐயோ, இருக்குங்கய்யா! உள்ளே பூட்டி வச்சிருக்கோம்!" என்று அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார்.

மண் மொத்தமும் சரிந்து வந்து அதிகாரியை இடுப்பு வரை மூடியது.

தாண்டவராயன் பணிவாகக் கைகட்டி நின்றார். "நல்லாப் பார்த்துக்கோங்கய்யா, ஒரு பிடி குறையலை. ஆனா, தப்பா நினைக்காதீங்க, கிளம்பும்போது பேன்ட் பையை இங்கேயே உதறிட்டுத்தான் போகணும்."