பதினோரு சுற்று முறுக்கு

மிராசுதார் பஞ்சநதம் வாயைத் திறந்தால் வசவுதான் வரும். அவர் மகள் கலியாணத்துக்குச் சீர் முறுக்குச் சுற்ற வந்தவள் தையல்நாயகி. மாவை விரலால் முறுக்கி முறுக்கிப் பதினோரு சுற்றுச் சுற்ற வேண்டும். நடுவில் கை நடுங்கினால் அறுந்துவிடும். அறுந்த முறுக்கு சீருக்கு ஆகாது.

அவள் எட்டாவது சுற்றுக்கு வரும்போதெல்லாம் மிராசுதார் வந்து நின்று கொச்சையாக ஏசுவார். முறுக்கு அறுந்துபோகும்.

“அய்யா, நீங்க ஏசுனா கை நடுங்குது.”

“ஏன், என் வார்த்தை உன் கையைப் பிடிச்சு இழுக்குதோ? இன்னொண்ணு அறுந்துதோ, இந்தத் தாலுகாவுல எந்தக் கலியாண வீட்டிலயும் உனக்கு வேலை கிடையாது!” என்றவர், கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மாள் சீர் பார்க்க உள்ளே வந்தாள். மிராசுதார் முகமெல்லாம் சிரிப்பாகி, தளும்பத் தளும்பக் காபி டம்ளரைத் தன் கையாலேயே எடுத்து நீட்டினார்.

தையல்நாயகி மாவிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்: “அய்யா, இப்ப என்னை ஒரு வார்த்தை சொன்னீங்களே, அதை அம்மாவுக்குக் கேக்குற மாதிரி ஒருதரம் சொல்லட்டுமா?”

டம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. பாதிக் காபி மிராசுதாரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது.

“நான் இன்னும் சொல்லவே இல்லியே அய்யா. அதுக்குள்ள உங்க கையை யாரு பிடிச்சு இழுத்தா?”

சம்பந்தியம்மாள் மிராசுதாரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு மணையை இழுத்துப் போட்டுத் தையல்நாயகி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீ சுத்தும்மா. முடியிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

வேட்டி மாற்றப் போன மிராசுதார் அந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை. அதன்பிறகு ஒரு முறுக்கும் அறுபடவில்லை.