பதினோரு துளை மடிக்கணினி

நெல்லிமலை நாட்டு அரண்மனைக்கு மின்சாரம் வந்தது மானவேந்தர் காலத்தில்தான். பிடிவாதம் அதற்கு முன்பே வந்திருந்தது.

மன்னர் வாரம் ஒரு கோட்டைக்குப் போய் வருவார். பல்லக்கில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியில் ஆணைகளை அடித்து அனுப்புவார். ஒருநாள் அந்தப் பழைய கணினி கண்ணை மூடிவிட்டது. உடனே சபையைக் கூட்டினார். புதிதாக ஒன்று வேண்டும், அதுவும் உயர்ந்த ரகமாக. கையில் எடுத்தால் கனம் தெரியக் கூடாது. ஆனால் உள்ளே எந்த வசதியும் குறையவும் கூடாது.

சபையில் குழைக்காதர் என்று ஒரு புலவர் இருந்தார். வாய் சும்மா இருக்காது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது, வயிறு முட்ட விருந்தும் சாப்பிட்டுவிட்டுப் பழைய சட்டைக்குள்ளும் நுழைய முடியுமா என்று கேட்டுவைத்தார். பண்டகசாலைத் தலைவர் அதிவீரராயருக்கு அது போதும். குழைக்காதருக்கு மன்னரின் பெருமை தெரியவில்லை, சின்னதாக ஏதோ கொடுத்து ஏய்க்கப் பார்க்கிறார் என்று மன்னர் காதில் போட்டார். மன்னர் இருவருக்கும் மூன்று நாள் கெடு கொடுத்து, ஆளுக்கொன்று கொண்டுவரச் சொன்னார்.

குழைக்காதர் கொண்டுவந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. வெற்றிலைத் தட்டு மாதிரி மெலிதாக இருந்தது. மன்னர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் கம்பி செருக எத்தனை துளை?"

"இரண்டு, அரசே."

"என் புல்லாங்குழலிலேயே எட்டு இருக்கிறது" என்று சொல்லித் தள்ளி வைத்துவிட்டார்.

அதிவீரராயர் கொண்டுவந்ததை ஒரு ஆள் சுமந்து வந்தான். சார்ஜரை இன்னொரு ஆள் சுமந்து வந்தான். ஏழு கிலோ எடை. பதினோரு துளை. அகலத் திரை, அதன் பின்னால் மடித்து வைத்த இன்னொரு திரை, மூன்று நாள் தாங்கும் பேட்டரி, சூடு தணிக்க நான்கு விசிறி. மன்னரின் முகம் மலர்ந்தது.

குழைக்காதர் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். பெயரே மடிக்கணினி என்பதால், ஒரு காலைப்பொழுது மடியில் வைத்திருந்து பார்த்துவிட்டு மன்னர் முடிவு சொல்ல வேண்டும். மன்னர் இதென்ன பெரிய காரியம் என்று அரியணையில் சம்மணம் போட்டு, அதை மடியில் ஏற்றிக்கொண்டு, வழக்குகளைக் கேட்க ஆரம்பித்தார். முதலில் கால் கனத்தது. பிறகு கூசியது. பிறகு கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஆனாலும் மன்னர் வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வடகரை நாட்டுத் தூதர் பூவணநாதர் வந்து சேர்ந்தார். வடகரை பெரிய நாடு. நெல்லிமலை தனக்கு அடங்கியது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த செய்தி. மன்னருக்குக் கோபம் பொங்கியது. கணினியை அதிவீரராயர் கையில் தள்ளிவிட்டு எழுந்தார். முடியாது என்று சொல்ல ஓரடி எடுத்து வைத்தார். கால் வரவில்லை. கிரீடத்தோடு நெடுஞ்சாண்கிடையாகத் தூதரின் பாதத்தில் விழுந்தார்.



"மிக்க மகிழ்ச்சி" என்றார் தூதர். "நெல்லிமலை வேந்தர் பணிந்துவிட்டார் என்று எங்கள் அரசருக்கு எழுதிவிடுகிறேன்."

மடியில் வைக்கச் சொன்னதே குழைக்காதர்தான். தன் வாய்க்கொழுப்பால் ஒரு நாடே போய்விடும் போலிருக்கிறதே என்று அஞ்சினார். பிறகு அதிவீரராயர் கையிலிருந்த கணினியைப் பார்த்தார். அதை வாங்கிக்கொண்டு தூதரிடம் போனார்.

"தாராளமாக எழுதுங்கள், ஐயா. இதிலேயே எழுதலாம். மன்னர் மடியில் இருந்த கருவி, உங்களுக்குத் தருவதுதான் மரியாதை."

தூதருக்குப் பெருமை தாங்கவில்லை. அரியணைக்கு முன்னால் விரித்த கம்பளத்தில் சம்மணம் போட்டு, கணினியை மடியில் வாங்கிக்கொண்டார். அரசரின் பட்டப்பெயர்களை ஒன்று விடாமல் போட வேண்டாமா என்று குழைக்காதர் பணிவாக நினைவூட்டினார். வடகரை அரசருக்கு நூற்றெட்டுப் பட்டப்பெயர்கள். தூதருக்கோ ஒற்றை விரலால்தான் அடிக்கத் தெரியும். நாற்பதாவது பட்டத்தில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதைக் குழைக்காதர் காட்டினார். தூதர் அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தார். அதற்குள் சேவகர்கள் மன்னரைத் தூக்கி அரியணையில் உட்கார வைத்து, காலை நீவிவிட்டார்கள்.

கடைசியில் கடிதம் முடிந்தது. அதைச் சபைக்கு வாசித்துக் காட்டத் தூதர் கம்பீரமாக எழுந்தார். அவ்வளவுதான். கணினி கம்பளத்தில் உருண்டது. தூதர் மன்னரின் காலடியில் குப்புற விழுந்தார்.

குழைக்காதர் நிதானமாகக் கணினியை நிமிர்த்தி வைத்தார்.

"அப்படியே இருங்கள், ஐயா. 'வடகரையும் பணிந்தது' என்று அடுத்த வரியை நான் சேர்த்துவிடுகிறேன்."

"பணியவில்லை" என்று தரையிலிருந்தே பதறினார் தூதர். "கால் மரத்துப்போய்விட்டது."

"எங்கள் மன்னருக்கும் அதேதான், ஐயா."

தூதர் படுத்தபடியே கையை நீட்டி, கடிதத்தைத் தானே அழித்தார். கால் திரும்பியதும் விடைபெறாமலே வாசல் பக்கம் நடந்தார்.

மன்னர் குழைக்காதரின் மெலிதான கணினியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு துளை தாராளம் என்றார். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதருக்குப் போட்டார். பிறகுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அந்தப் பதினோரு துளைக் கணினியை என்ன செய்வது?"

"வடகரை அரசருக்குப் பரிசாக அனுப்பிவிடுங்கள், அரசே. அதிவீரராயரே சுமந்துபோய்க் கொடுக்கட்டும்."

"பகைவனுக்கு எதற்குப் பரிசு?"

"அதை மடியில் வைத்திருக்கும்வரை அவரால் படையெடுத்து வர முடியாது, அரசே. முதலில் எழுந்திருக்க வேண்டுமே."