மயிரிழை நுழையாத இழுப்பறை

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட செங்கோடவர்மருக்குக் குனிவது என்றாலே பிடிக்காது. முட்டிவலி ஒரு காரணம். அரசன் எதற்காகக் குனிய வேண்டும் என்பது இன்னொரு காரணம். ஒருநாள் யானை வைத்திய ஓலையைத் தேடிப் பெரிய மரப்பெட்டிக்குள் தலையை விட்டவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். கையில் வந்த ஓலையில் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது.

"இனி ஓலையைத் தேடி நான் போகமாட்டேன். ஓலைதான் என்னைத் தேடி வர வேண்டும்!" என்று சபையில் ஆணையிட்டார்.

அமைச்சர்கள் விழித்தார்கள். விகடகவி ஏகாம்பரம் மட்டும் எழுந்து, "ஆகட்டும் மன்னா. இடுப்பு உயரத்தில் இழுப்பறைகள் வைத்து ஒரு பெட்டகம் செய்துவிடலாம். இழுத்தால் ஓலை தங்களிடம் வந்து நிற்கும்" என்றான்.

அரசர் மகிழ்ந்தார். முத்திரையைக் காக்கும் ஓலைநாயகர் கங்காதரருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"மன்னா, இடைவெளி இருந்தால் கரப்பான் மறுபடியும் புகும். இழுப்பறைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட நுழையக் கூடாது. நுழைந்தால், செய்த தச்சனும் செய்யச் சொன்ன விகடகவியும் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்று முட்டியைத் தடவிக்கொண்டே சொல்லிவிட்டார் அரசர்.

ஏகாம்பரம் வந்து இதைச் சொன்னதும் அரண்மனைத் தச்சர் உலகநாத ஆசாரி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாமி, மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். கொஞ்சமாச்சும் இடம் விடலேன்னா இழுப்பறை எப்படி நகரும்? நாலு பொம்பளப் புள்ளைங்கள வெச்சிருக்கேன். இந்த வயசுல எந்த ஊருக்குன்னு போவேன்?"

ஏகாம்பரத்துக்கும் உள்ளூரப் பயம்தான். ஆணையை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

"ஆசாரியாரே, இழுப்பறை திறக்கணும்னு ஆணையில இருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"அப்போ இருக்கிறதை மட்டும் செய்யுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

சுவடி அறையில் சன்னலுக்குக் கீழே, பெட்டகம் வைக்க ஏற்றதாகச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. ஆசாரி அதன் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் கயிறு பிடித்து அளந்தார். சுவர் கோணலாக இருந்ததால் மூன்றில் சிறிய அளவையே எடுத்துக்கொண்டார். ஆழத்துக்கு ஓலையின் நீளமும் இரண்டு விரற்கடையும். உயரத்துக்கு அரசரின் இடுப்பு. தேக்கில் மூன்று இழுப்பறைகளோடு பெட்டகம் எழுந்தது. மூன்றையும் சட்டத்தின் அளவுக்கே இம்மி பிசகாமல் இழைத்து, மேல் இழுப்பறையை மட்டும் வெளியே விட்டு மற்ற இரண்டையும் தட்டி இறக்கினார்.

பெட்டகம் சபைக்கு வந்தது. கங்காதரர் குதிரைவால் மயிர் ஒன்றோடு தயாராக நின்றார்.

ஏகாம்பரம் கைகூப்பினான். "ஓலைநாயகரே, இது தங்கள் யோசனையால் சிறப்புப் பெற்ற பெட்டகம். முதல் பொருளைத் தாங்களே வைக்க வேண்டும். அரச முத்திரையைவிட மங்கலமானது வேறென்ன?"

கங்காதரருக்குப் பெருமை தாங்கவில்லை. முத்திரையை மேல் இழுப்பறையில் வைத்தார். ஆசாரி மரச்சுத்தியால் தட்டித் தட்டி அந்த இழுப்பறையை உள்ளே இறக்கினார். கங்காதரர் மூன்று இழுப்பறைகளிலும் நாலு பக்கமும் மயிரை நுழைத்துப் பார்த்தார். மயிர் வளைந்ததே தவிர நுழையவில்லை.

"சபாஷ்!" என்று அரசர் வந்து இழுப்பறையை இழுத்தார். அது அசையவே இல்லை.

"திறக்கவே வராத பெட்டகம்! இருவரையும் துரத்துங்கள் மன்னா!" என்று துள்ளினார் கங்காதரர்.

"மயிரிழை நுழைந்தால்தானே தண்டனை? நுழையவில்லையே" என்றான் ஏகாம்பரம் பணிவாக. "திறக்க வேண்டுமானால் இடம் விட வேண்டும். அது ஆணையை மீறுவதாகும். எங்களுக்கு அந்தத் துணிவு இல்லை."

அந்த நேரம் பார்த்து, எல்லைக்குப் போகும் தூதன் ஓலையோடு வந்து நின்றான்.

"முத்திரை எங்கே, ஓலைநாயகரே?" என்றார் அரசர்.

கங்காதரர் பெட்டகத்திடம் ஓடினார். பெட்டகத்தில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். தலைப்பாகை கழன்று விழுந்ததுதான் மிச்சம்.

"ஏகாம்பரம், திறக்கச் சொல்லப்பா!"

"எவ்வளவு இடைவெளி விடச் சொல்கிறீர்கள்? ஒரு மயிரிழை போதுமா?"

"ஒரு விரற்கடைகூட விடு! முத்திரையை எடுத்துக் கொடுத்தால் போதும்!"

ஏகாம்பரம் அரசரைப் பார்த்தான். அரசருக்கு அப்போதுதான் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கேட்டவரே வேண்டாம் என்றபின் அந்த ஆணை எதற்கு? ஆசாரி, உமக்குத் தோன்றியபடி செய்யும்" என்றார்.

ஆசாரி பின்பலகையைக் கழற்றி, இழுப்பறைகளைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே எடுத்தார். முத்திரையைக் கங்காதரரிடம் கொடுத்துவிட்டு, மூன்றையும் நாலு பக்கமும் ஓர் ஓலை கனத்துக்கு இழைத்துத் தேன்மெழுகு தடவினார். அரசர் சுண்டுவிரலால் இழுத்தார். இழுப்பறை வழுக்கிக்கொண்டு வந்தது.

"கரப்பான்?" என்று கேட்டார்.

"இந்தச் சந்துல அது தலையைக்கூட நீட்ட முடியாதுங்க மகாராஜா" என்றார் ஆசாரி.

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி ஏகாம்பரத்தின் கழுத்தில் போட்டார். ஆசாரியைத் தலைமைத் தச்சராக்கி, மரவேலையில் இனி அவர் சொல்வதே அளவு என்று அறிவித்தார். பிறகு மாலைவரை இழுப்பறையை இழுப்பதும் மூடுவதுமாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். எல்லைக்குப் போக வேண்டிய ஓலைதான் ஒரு நாழிகை தாமதமாகப் போயிற்று.