எட்டுப் பங்கு கூடுதல்

"பேசாம நூறுன்னே எழுதிரட்டுமா மேடம்?"

கேட்டவள் எஸ்தர். பாளையங்கோட்டையில் இருபது வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். ஆசை விடாமல் நாற்பத்தாறு வயதில் எம்.எஸ்ஸி. சேர்ந்து, இப்போது ஆய்வேட்டோடு நிற்கிறாள். வழிகாட்டி ஷகீலா பத்து வயது இளையவள். படிப்புக்கு மூப்பு ஏது? இவள் அவளை மேடம் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

"ஏங்க்கா அப்படி எழுதணும்?"

"மெக்னீசியத்தை அமிலத்துல போட்டு, வர்ற ஹைட்ரஜனைத் தண்ணிக்கு மேல பிடிக்கேன். நூறு பங்குதான் வரணும். எத்தனை தரம் செஞ்சாலும் நூத்தெட்டு வருது."

காலையில் வாய்மொழித் தேர்வுக்கு வந்த தேர்வாளர் சும்மா விட்டாரா? இல்லாத வாயு எங்கிருந்து வந்தது, எண்களை இட்டுக்கட்டியிருக்கிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் காரணம் காட்டாவிட்டால் ஆய்வேடு குப்பைக்குத்தான். பொய் சொல்லத் தெரியாத பொம்பளை, உண்மையைக் காப்பாற்றப் பொய் எழுதத் துணிந்து நின்றாள். பாவம்தான்.

"நீராவியைக் கழிச்சீங்களா?"

"அதை மறப்பேனா? தண்ணிக்கு மேல பிடிச்ச வாயுவுல ஆவியும் கலந்திருக்கும். அதோட அழுத்தத்தைக் கழிச்சிட்டுத்தான் கணக்கே போட்டேன். பிள்ளைகளுக்கு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லுததுதானே."

ஷகீலா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

அக்னி நட்சத்திர வெயில். ஆய்வகம் அடுப்பாகிவிட்டது. எஸ்தர் பொறுத்துப் பார்த்தாள். நெற்றியில் அரும்பிய வேர்வை கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கியது.

"வெந்து சாகவா மேடம்?"

"உங்களுக்கு இப்படி வேர்க்குது. உங்க கணக்குல யாருக்குமே வேர்க்கலையேக்கா."

எஸ்தருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்ட காகிதத்தைப் பார்த்தாள்.

வெப்பநிலை இருபத்தைந்து டிகிரி.

இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிய எண். கேள்வித்தாளில் எப்போதும் அச்சாகிற எண். கை தன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது.

சுவரில் தொங்கிய வெப்பமானி முப்பத்தெட்டு காட்டியது. சோதனை செய்த நாளெல்லாம் இதே வெயில்தான்.

முப்பத்தெட்டில் நீராவியின் அழுத்தம் இருபத்தைந்தில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதைக் கழித்தாள். வாயுச் சமன்பாட்டிலும் முப்பத்தெட்டையே வைத்தாள்.

நூறுக்கு ஒரு மயிரிழை குறைவாக வந்து நின்றது விடை.

அப்பாடா. எஸ்தர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஷகீலா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

எஸ்தர் குடிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துத் தேர்வாளரை அழைத்தாள்.

"வணக்கம் சார், எஸ்தர் பேசுதேன். நூத்தெட்டுக்குக் காரணம் எங்க ஆய்வகத்து முப்பத்தெட்டு டிகிரிதான். உங்க ரூம்ல ஏசி எத்தனையில வச்சிருக்கீங்க?"