வீட்டுல சொல்லிட்டு வாங்க

ஆற்றங்கரை மடத்தில் சிவஞானத்தம்மாவிடம் பாடம் கேட்டவர்களில் ஆவுடையப்பன்தான் மூத்தவர். அம்மாவைவிடப் பதினைந்து வயது பெரியவர். முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவர். மனைவி உலகம்மாள் இறந்து எட்டு மாதமாகியும், அந்த ஒரு பாரத்தை எங்கே இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் துணிப்பையோடு மடத்துக்கு வந்தார்.

"எனக்குக் காவி குடுத்திருங்கம்மா. இனிமே இங்கயே கெடந்துக்கிடுதேன்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மடித்த காவி வேட்டி ஒன்றை எடுத்து வந்து பலகைமேல் வைத்தார்.

"வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?"

குடும்பஸ்தர் யார் துறவு கேட்டு வந்தாலும் அந்த மடத்தில் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டுல என்றால் மனைவியிடம். ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது.

"வீட்டுல யாரும்மா இருக்கா? ஒங்களுக்குத் தெரியாதா?"

"வீடு இருக்குல்லா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது வருசம்மா. எங்க கெளம்பினாலும் 'போயிட்டு வாரேன்'னு சொல்லாம படியெறங்கினதில்ல. அன்னைக்கு ஒருநாளு, சாம்பார்ல உப்பு கூடிப்போச்சுன்னு சண்டை. சொல்லாமலே கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா அடுப்படியில விழுந்து கெடக்கா. டாக்டரு மாரடைப்புங்காரு. சாவு வீட்டுலதானம்மா சொல்லாம கெளம்புவாங்க. உசிரோட இருந்தவகிட்ட நான் அப்படிக் கெளம்பிட்டேனே."

"அவங்க ஒங்ககிட்ட சொல்லிட்டா போனாங்க?"

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்ல."

"அதுல ஒங்களுக்கு அவங்க மேல கோவமா?"

"அவ மேல எனக்கென்னம்மா கோவம்?"

சொல்லிவிட்டு அழுதார். அம்மா மறுபடி கீரையைக் கையிலெடுத்தார். அவர் அழுது தீரும்வரை ஆய்வதற்குக் கீரை இருந்தது.

"காவி இந்தப் பலகையிலேயே இருக்கட்டும்" என்றார் அம்மா. "நீங்க வீட்டுக்குப் போங்க. வாசல்ல நின்னு, 'நான் போறேன், இனி வரமாட்டேன்'னு வாய்விட்டுச் சொல்லிட்டு வாங்க. குடுத்திருதேன்."

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் மூன்று நாள் அவரைக் காணவில்லை.

நான்காம் நாள் வந்தார். சட்டையில் இஸ்திரி இல்லை, துவைத்திருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"மொத நாளு வாசல்ல நின்னேன். 'போறேன்'ங்கிற வார்த்தை வாயில வரல. உள்ள போயிட்டேன். மறுநாளும் அதே கதைதான். சும்மா எவ்வளவு நேரம் நிக்க? அவ வச்ச கறிவேப்பிலைக்கு ரெண்டு வாளி தண்ணி ஊத்தினேன். நேத்து நல்ல பசி. கஞ்சி வச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "உப்பு கூடிப்போச்சு."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு எப்படியும் சொல்லிரணும்னுதான் கெளம்பினேன். கதவைப் பூட்டும்போது, தன்னால வாயில வந்துட்டு."

"என்னன்னு?"

"போயிட்டு வாரேன்னு."

"பதில் வந்துதா?"

"இல்ல." ஆவுடையப்பன் யோசித்தார். "முன்னாலயும் பாதி நாள் வராதும்மா. மிக்சி ஓடிச்சுன்னா அவளுக்குக் காதுல விழாது."

அம்மா பலகையில் இருந்த காவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"என்னம்மா, உள்ள கொண்டு போறீங்க?"

"வாரேன்னுல்லா சொல்லிட்டு வந்திருக்கீங்க" என்றார் அம்மா. "பொழுதோட கெளம்புங்க. வீட்டுல தேடும்."